சிரட்டை நிறைய பருப்பு: சொல்லிக்கொடுத்த வேலை ஓர்மையில் நிற்க

எங்கள் ஊர்ப்பக்கம் முந்திரி ஆலையை யாரும் முந்திரி ஆலை என்று சொல்வதில்லை. அண்டி ஆபீஸ்தான். கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கலுக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவில் அப்படி ஓர் ஆபீஸில் பிளஸ் டூ முடித்த கையோடு தொலி உரிக்கச் சேர்ந்தேன். ஐந்து வருஷம் உரிப்பு, அப்புறம் கிரேடிங், அதாவது பருப்பைத் தரம் பிரிப்பது, இப்போது கிரேடிங் ஹாலே என் பொறுப்பு. புதிதாக வருகிறவர்களுக்கு வேலை சொல்லிக்கொடுப்பதும் என் தலையில்தான். படித்த பயிற்சியாளர் இல்லை நான். ஒரு தடவை நன்றாகத் தோற்றுப்போன பிறகு, கேட்டும் வாசித்தும் செய்துபார்த்தும் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். நினைவை நாங்கள் ஓர்மை என்போம். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஓர்மையைப் பற்றித்தான்.

தோற்ற கதை முதலில். ஒரே நேரத்தில் பதினான்கு பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். ஒரு சனிக்கிழமை மூன்று மணிநேரம் அவர்களைப் பருப்பு உலர்த்தும் போர்மாவுக்குப் பக்கத்துக் கொட்டகையில் உட்காரவைத்து, பெரிய அட்டையில் எழுதிவைத்த எல்லாவற்றையும் சொன்னேன். 180, 210, 240, 320, 450 என்ற தர எண்கள். வெள்ளை முழுப்பருப்பு, கருகல் முழுப்பருப்பு, இரண்டாகப் பிளந்த ஸ்பிளிட், நுனி உடைந்த பட்ஸ், பெரிய துண்டு, சின்னத் துண்டு, பொடி. ஒரு பவுண்டுக்கு 220 முதல் 240 வரை பருப்பு நின்றால் அது 240. 300 முதல் 320 வரை நின்றால் 320. எண் கூடக்கூடப் பருப்பு சிறிசு, விலையும் குறைவு. எல்லாம் சொல்லி முடித்து, "புரிஞ்சுதா?" என்றேன். "புரிஞ்சுது அக்கா" என்று பதினான்கு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். எனக்கு ஒரே சந்தோஷம்.

திங்கட்கிழமையே சொன்னதில் பாதி அவர்கள் ஓர்மையிலிருந்து போய்விட்டது. அடுத்த வாரம் அடைத்த டின்களில் ஒன்றை வாங்குகிறவர் தரப்பு ஆள் திறந்து எண்ணிப் பார்த்து, 240-க்குள் 320 கிடக்கிறது என்று அந்த லாட்டையே திருப்பி அனுப்பினார். 11.34 கிலோ டின். அதாவது 25 பவுண்டு. எத்தனை டின் என்று சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது. திரும்பக் கொட்டி, திரும்பப் பிரித்து, திரும்ப அடைத்தோம். பிள்ளைகளுக்குக் கவனம் இல்லை என்று நான் முதலாளியிடம் சொன்னேன். அது பொய். கவனம் இல்லாதது எனக்குத்தான்.

ஏன் மறக்கிறது

ஜெர்மனியில் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்று ஒருவர் அர்த்தமே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே சோதித்து, 1885-ல் வெளியிட்டார். மறதி ஒரே சீராக நடப்பதில்லை. முதல் ஒரு மணிநேரத்திலும் முதல் நாளிலும் மடமடவென்று போகிறது, அப்புறம் மெதுவாகப் போகிறது. அவர் படித்தது அர்த்தமில்லாத அசைகள். அர்த்தமுள்ள வேலை அந்த அளவுக்கு மறந்துபோகாது. ஆனாலும் சனிக்கிழமை சொன்னது திங்கட்கிழமை காணாமல்போவதற்கு என் பிள்ளைகளின் குணத்தைக் குறை சொல்ல வேண்டியதில்லை என்று அதில் விளங்கியது. அவர் இன்னொன்றும் சொன்னார்: ஒரே மூச்சில் திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, நாள் விட்டு நாள் பிரித்துப் படித்தால் குறைந்த தடவையிலேயே பதிந்துவிடுகிறது. நான் செய்தது நேர் எதிர். மூன்று மணிநேரத்தை ஒரே சனிக்கிழமையில் கொட்டிக் கவிழ்த்தேன்.

முதலில் எதைச் சொல்லக்கூடாது என்று பாருங்கள்

பயிற்சி தயாரிக்க உட்காரும்போது, எனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதிவிட வேண்டும் என்றுதான் கை துடிக்கும். எழுதாதீர்கள். ஒரு நாள் முழுக்க, உங்கள் இடத்திலேயே நல்ல வேலைக்காரர் ஒருவரின் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

எங்கள் ஹாலில் முப்பது வருஷமாகப் பருப்பு பிரிக்கிற ஓர் அக்கா இருக்கிறார். எப்படிப் பிரிக்கிறீர்கள் என்று கேட்டால், "பாத்தா தெரியாதா?" என்பார். அவ்வளவுதான் விளக்கம். அதனால் நான் வேறு மாதிரி கேட்டேன். அவர் ஒரு பருப்பை ஒதுக்கும் ஒவ்வொரு தடவையும், "இத ஏன் அந்தப் பக்கம் போட்டிய?" என்று கேட்டேன். முதலில் எரிச்சல்பட்டார். அப்புறம் அவருக்கே தெரியாமல் அவர் செய்துகொண்டிருந்தவை ஒவ்வொன்றாக வந்தன. பருப்பின் நீளத்தை அவர் பார்ப்பதே இல்லை. வயிற்றுப்பக்கத்துத் தடிமனைப் பெருவிரலால் தடவிப் பார்க்கிறார். நீளமாக இருந்தாலும் மெலிந்தது என்றால் கீழே தள்ளுகிறார். நிறம் பார்ப்பதற்கு முகத்துப் பக்கம் பார்த்துவிட்டு, ஒரு தடவை புரட்டி முதுகும் பார்க்கிறார். இந்த இரண்டும் என் அட்டையில் இல்லை. பல வருஷம் அதே வேலையைச் செய்த எனக்கே, செய்கிறேன் என்று தெரியாமல் போயிருந்தது.

இரண்டாவது, திரும்பி வந்த சீட்டுகளையெல்லாம் எடுத்துவைத்தேன். எங்கே தப்பு நடக்கிறது? பெரும்பாலும் மூன்றே இடம்: 240-க்கும் 320-க்கும் நடுவில், லேசான கருகலுக்கும் வெள்ளைக்கும் நடுவில், நுனி உடைந்த பட்ஸ் முழுப்பருப்புக்குள் போவது. 180-ஐ யாரும் தப்பு விடுவதில்லை, அது யானை மாதிரி நிற்கும். பொடியையும் யாரும் தப்பு விடுவதில்லை. பிறகு அதற்கெல்லாம் எதற்குப் பயிற்சி? அட்டையில் முக்கால்வாசியை அடித்துவிட்டேன். எப்போதாவது வரும் தரங்களைச் சுவரில் எழுதி ஒட்டிவிட்டேன். வந்தால் பார்த்துக்கொள்ளலாம், தலையில் சுமக்க வேண்டாம்.

அப்புறம் குறிக்கோளை எழுதுங்கள், கை செய்கிற வேலையாக எழுதுங்கள். "முந்திரித் தரங்களை அறிந்துகொள்வார்கள்" என்று எழுதினால், அறிந்தார்களா என்று எப்படிப் பார்ப்பீர்கள்? "கலந்து வைத்த பருப்பை, சுவரைப் பார்க்காமல், 240 வேறு 320 வேறாகப் பிரிப்பார்கள்" என்று எழுதினால் பருப்போடு ஒரு சுளவை, அதாவது முறத்தை, முன்னால் வைத்தாலே தெரிந்துவிடும்.

சிரட்டை

இதுதான் நான் கண்டுகொண்டதிலேயே பெரிய விஷயம், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

தினமும் காலை வேலை தொடங்கும் முன் ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு சிரட்டையில், அதாவது தேங்காய் ஓட்டில், இருபது பருப்பு வைப்பேன். கலந்த பருப்பு. அட்டை கிடையாது, பக்கத்து ஆளிடம் கேட்கக்கூடாது, இரண்டு நிமிஷம். பிரித்து வைத்தவுடன் நான் சுற்றி வருவேன். தப்பாக வைத்ததை மட்டும் எடுத்து, "இது ஏன் இங்க?" என்பேன். அவர் காரணம் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு சரியான பதிலையும் அதற்கான காரணத்தையும் அங்கேயே சொல்லிவிடுவேன். மொத்தம் பத்து நிமிஷம்.

இதில் நான் புதிதாக ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. வெறுமனே கேட்கிறேன். ஆனால் கேட்பதுதான் பதிக்கிறது. 2006-ல் அமெரிக்காவில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் என்று இருவர் மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சிலர் ஒரு பாடத்தை மறுபடியும் வாசித்தார்கள். சிலர் வாசிக்காமல், ஓர்மையில் இருப்பதை எழுதினார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது மறுபடி வாசித்தவர்கள் முன்னால் நின்றார்கள். இரண்டு நாள் கழித்தும் ஒரு வாரம் கழித்தும் கேட்டபோது, எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். என் சனிக்கிழமைக் கொட்டகையில் எல்லோரும் "புரிஞ்சுது" என்றது அந்த ஐந்தாவது நிமிஷம். அந்த நேரத்தில் யாரைக் கேட்டாலும் புரிந்துதான் இருக்கும்.

சிரட்டையில் என்ன கலப்பது என்பதிலும் நான் முதலில் தப்பு செய்தேன். திங்கள் 240 மட்டும், செவ்வாய் 320 மட்டும், புதன் கருகல் மட்டும் என்று வைத்தேன். பிள்ளைகள் பிரமாதமாகச் செய்தார்கள். செய்யத்தானே செய்வார்கள், எல்லாம் ஒரே தரம் என்று தெரிந்த பிறகு யாரும் பருப்பைப் பார்க்கவே வேண்டாம். மேசையில் கலந்து வந்தபோது கை நின்றுவிட்டது.

இரண்டு பருப்பை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். 240 ஒன்று ஏறக்குறைய இரண்டு கிராம், 320 ஒன்று ஒன்றரை கிராம். வித்தியாசம் அரை கிராம். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இது அது அல்ல, அது இது அல்ல என்று கண் அலைந்தால்தான் அந்த அரை கிராம் தெரிய ஆரம்பிக்கிறது. நேட் கோர்னெல், ராபர்ட் பியோர்க் என்ற இருவர் 2008-ல் இதையே ஓவியங்களை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். பன்னிரண்டு ஓவியர்களின் படங்களைச் சிலவற்றை ஓவியர்வாரியாகவும், சிலவற்றைக் கலந்தும் காட்டினார்கள். பிறகு புதுப் படத்தைக் காட்டி வரைந்தது யார் என்று கேட்டால், கலந்து பார்த்த ஓவியர்களையே அதிகம் பேர் கண்டுபிடித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், எது நன்றாகப் பதிந்தது என்று கேட்டதற்குப் பெரும்பாலானவர்கள் தனித்தனியாகப் பார்த்ததைத்தான் சொன்னார்கள்.

என் பிள்ளைகளும் அப்படித்தான். கலந்து வைத்த முதல் வாரம், "அக்கா, நேத்து தெரிஞ்சதும் இன்னைக்குக் குழம்பிட்டு" என்று ஒருத்தி கண் கலங்கினாள். இதை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்: முதல் வாரம் தப்பு நிறைய வரும், அது வந்தால்தான் வேலை நடக்கிறது என்று. இல்லாவிட்டால் தனக்கு இந்த வேலை வராது என்று முடிவுகட்டிவிடுவார்கள். ஒரேயடியாகக் கலக்கவும் வேண்டாம். முதல் அரை நாள் ஒவ்வொரு தரத்தின் முகமும் பழகட்டும், அதற்குத் தனித்தனிக் குவியல் போதும். மதியத்துக்கு மேல் கலந்துவிடுங்கள்.

சிரட்டைக்கு மதிப்பெண் போடாதீர்கள். அந்தக் கணக்கை முதலாளியின் மேசைக்கு அனுப்பவும் அனுப்பாதீர்கள். ஒரு தடவை அனுப்பினால் போதும், மறுநாளே பக்கத்துச் சிரட்டையைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

எத்தனை நாள், எத்தனை நேரம்

முதல் நாள், இரண்டாம் நாள், நான்காம் நாள், அடுத்த வாரம், அதற்கடுத்து இரண்டு வாரம், பிறகு மாதம் ஒருமுறை. இது என் கணக்கு, வேதவாக்கு அல்ல. கொஞ்சம் மறக்கத் தொடங்கும்போது கேட்க வேண்டும், முழுக்க மறந்த பிறகு அல்ல. அதுதான் அளவு. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் மாதம் தினமும் சிரட்டை உண்டு. ஆனால் ஒவ்வொரு தப்பையும் இந்த இடைவெளியில்தான் திரும்ப உள்ளே போடுவேன். பட்ஸில் தடுமாறியவளின் சிரட்டையில் நான்கு நாள் கழித்து இரண்டு பட்ஸ் பதுங்கியிருக்கும்.

இங்கே ஒரு கசப்பான விஷயம். எங்கள் வேலையில் பெரும்பகுதி கிலோ கணக்குக் கூலி. பயிற்சியில் உட்காருகிற பத்து நிமிஷம் அவளுடைய கையிலிருந்து போகிற காசு. அந்தப் பத்து நிமிஷத்துக்குக் கூலி உண்டா என்று கேட்காமல் யாரும் பயிற்சி பற்றிப் பேசக்கூடாது என்பது என் கட்சி. நான் திரும்பி வந்த டின்களின் செலவையும், பத்து நிமிஷக் கூலியையும் ஒரே தாளில் எழுதிக் காட்டினேன். முதலாளி கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். கூலி கிடைத்தது.

கை வேலை என்றால்

தொலி உரிப்பதுபோல் கையால் பழகும் வேலைக்கு ஒரு பழைய முறை இருக்கிறது. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்கு அதற்கு முன் அந்த வேலையைப் பார்த்தே இராத ஆட்கள் ஏராளமாக வந்தார்கள். அவர்களைச் சீக்கிரம் பழக்க, மேஸ்திரிகளுக்கு ஒரு சின்ன அட்டை கொடுத்தார்கள். நான்கே படி: ஆளைத் தயார்செய், செய்து காட்டு, செய்யச் சொல், பிறகும் போய்ப் பார். ஆள் கற்றுக்கொள்ளவில்லை என்றால், சொல்லிக்கொடுத்தவர் சொல்லிக்கொடுக்கவில்லை என்பது அந்த முறையின் தாரக மந்திரம். என் பதினான்கு பேரின் கதையை யாரோ எனக்கு முன்பே எழுதிவைத்த மாதிரி இருந்தது.

இதில் பலர் கோட்டைவிடுவது மூன்றாவது படியில். செய்யச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். செய்துகொண்டே வாயாலும் சொல்லச் சொல்ல வேண்டும்: கத்தியை எங்கே வைக்கிறாய், ஏன் அங்கே. "நுனியில வச்சா ஒடஞ்சுபோகும், பக்கவாட்டுல வச்சு நவுத்தணும்" என்று அவள் வாயில் வந்தால் கவலை இல்லை. கை சரியாகச் செய்து வாயில் வராவிட்டால், அன்றைக்குத் தற்செயலாகச் சரியாக வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு சின்ன விஷயம். கை வேலையை எதிரே உட்கார்ந்து காட்டாதீர்கள். என் வலதுகை அவளுக்கு இடதுபக்கம் தெரியும். பக்கத்தில், ஒரே பக்கம் பார்த்து உட்காருங்கள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது, சிரிக்காதீர்கள். ஒரு தடவைக்கு மூன்று நான்கு விஷயத்துக்கு மேல் சொல்லவும் வேண்டாம். அதற்கு மேல் மனசு ஒரே நேரத்தில் பிடித்துவைக்காது.

கண்ணாடிப் பாட்டில்

என்னுடைய இன்னொரு தப்பு. இப்போது எங்கள் ஹாலில் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த பெண்கள் இருக்கிறார்கள். தமிழ் அட்டை அவர்களுக்கு உதவாது. கேரள எல்லைப்பக்கம் இருந்து வருகிற சிலருக்கு மலையாளம்தான் வாசிக்க வரும். அதனால் எழுத்தையே விட்டுவிட்டு, ஒவ்வொரு தரத்திலும் பருப்பு போட்ட கண்ணாடிப் பாட்டில்களை ஜன்னலோரம் வரிசையாக வைத்தேன். எல்லோரும் மெச்சினார்கள்.

இரண்டு மாதம் கழித்து வெள்ளைப்பருப்புக்குள் லேசான கருகல் வரத் தொடங்கியது. புதியவர்கள் விட்ட தப்பு அல்ல, நன்றாகப் பிரிக்கிறவர்களின் மேசையிலிருந்தே வந்தது. தேடித் தேடிப் பார்த்ததில், வெள்ளை என்று நான் பாட்டிலில் போட்டுவைத்த பருப்பு ஜன்னல் வெயிலில் மஞ்சளித்துப்போயிருந்தது. அவர்கள் பாட்டிலைப் பார்த்துச் சரியாகத்தான் பிரித்திருக்கிறார்கள். பாட்டில்தான் தப்பு. மாதிரி வைத்தால் அதற்கு ஒரு தேதி ஒட்டுங்கள். எங்கள் பாட்டில் இப்போது வெயில் படாத பெஞ்சில் இருக்கிறது, வாராவாரம் மாற்றுகிறோம், பழைய பருப்பு தேநீர் வேளையில் தீர்ந்துபோகிறது.

உங்களிடம் பருப்பு இல்லையென்றால்

நாகர்கோவிலில் துணிக்கடை வைத்திருக்கும் என் தம்பிக்கு இதைச் சொன்னபோது, "எங்கிட்ட என்ன அண்டியா இருக்கு?" என்றான். அவனிடம் துணி திருப்பி எடுத்த பில்கள் இருந்தன. தப்பாகப் போட்ட பழைய பில் ஐந்தை எடுத்து, காலையில் கடை திறந்ததும் பையன்களிடம் கொடுத்து, தப்பு எங்கே என்று கேட்கிறான். அதுதான் அவனுடைய சிரட்டை. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் என் தோழிக்கு, முந்தின ஷிப்டின் குறிப்பேட்டுப் பக்கம், பெயரை மறைத்து. எந்த வேலையிலும் நிஜமாக நடந்த தப்புகள் எங்கேயோ ஒரு கோப்பில் கிடக்கும். அவற்றைத் தேடி எடுங்கள். கற்பனை உதாரணம் சுளுவாக இருக்கும், ஆனால் அதில் அரை கிராம் வித்தியாசம் இருக்காது.

பயிற்சி முடிந்த அன்றைக்கு "எப்படி இருந்தது?" என்று தாள் கொடுத்து வாங்குவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். ஒரு தடவை வெளியிலிருந்து வந்து பாதுகாப்பு வகுப்பு எடுத்தவருக்கு எங்கள் ஆட்கள் எல்லோரும் மிக நன்று என்று எழுதிக் கொடுத்தார்கள். மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும் போட்டிருந்தார்கள், எழுதாமல் என்ன செய்வார்கள்? முந்திரி ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் பட்டுக் கை பொத்துப்போனவர்கள் அடுத்த வாரமும் இருந்தார்கள். ஒரு மாதம் கழித்து, சொல்லாமல் போய், ஒவ்வொரு மேசையிலிருந்தும் நூறு பருப்பு எடுத்து எண்ணிப் பாருங்கள். பயிற்சியின் தாள் அதுதான்.

ஆபீஸ் மூடித் திறக்கும் நாள்களையும் கணக்கில் வையுங்கள். ஆப்பிரிக்காவிலிருந்து தோட்டண்டி, அதாவது ஓடு உடைக்காத முந்திரி, கொண்டுவரும் கப்பல் தாமதமானால் எங்களுக்கு வேலை இல்லை. மூன்று வாரம் வீட்டில் இருந்துவிட்டு வருகிறவர்களுக்குப் பழையபடி எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டாம். ஒருமுறை பதிந்தது மறந்ததுபோல் இருந்தாலும் இரண்டாம் தடவை சீக்கிரம் திரும்பி வரும். நேராகச் சிரட்டையை வைத்தால் போதும், இரண்டு மூன்று காலையில் கை பழைய இடத்துக்கு வந்துவிடும்.

போன டிசம்பரில் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா முடிந்து வந்த திங்கட்கிழமை நான் கொஞ்சம் தாமதம். ஹாலுக்குள் போனால் என் இடத்தில் ஒரு சிரட்டை இருந்தது. அந்தப் பிள்ளைகளே கலந்து வைத்திருக்கிறார்கள். பாத்தா தெரியாதா என்று சொல்லும் அக்கா கையில் கடிகாரத்தோடு நின்றுகொண்டிருந்தார். "இரண்டு நிமிஷம்தான் மக்களே" என்றார் என்னைப் பார்த்து. பிரித்தேன். இருபதில் இரண்டு தப்பு, இரண்டும் 210-க்கும் 240-க்கும் நடுவில். "இது ஏன் இங்க?" என்று ஒருத்தி கேட்டாள். எனக்குக் காரணம் சொல்ல வரவில்லை. அன்றைக்கே 210-ஐயும் சிரட்டையில் சேர்த்துவிட்டோம்.